வுதரிங் ஹைட்ஸ் நீலகிரிக்கு வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எமிலி பிராண்டே 1847ல் எல்லிஸ் பெல் என்ற புனைபெயரில் வெளியிட்ட 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலைக் கோத்தகிரி, குன்னூர் வட்டாரத்துக்கும் நம் காலத்துக்கும் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். கோத்தகிரியில் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் அத்தியாயங்களைப் படிக்கும்போது சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கான பதில்கள் இவை. குழப்பம் வேண்டாம் என்பதால் இந்தப் பக்கம் முழுவதும் பாத்திரங்களை மூலப் பெயர்களாலேயே அழைக்கிறேன்.

மூல நாவலைப் படித்ததில்லை. கதை என்ன?

யார்க்‌ஷயர் மேட்டுநிலத்தில் இரண்டு வீடுகள். மேலே, காற்றுக்கு நடுவில், எர்ன்ஷா குடும்பத்தின் பண்ணை வீடு; அதுதான் வுதரிங் ஹைட்ஸ். நான்கு மைல் தள்ளிக் கீழே, மதிலும் பூங்காவுமாக லிண்டன் குடும்பத்தின் மாளிகை. பெரியவர் எர்ன்ஷா லிவர்பூல் தெருவில் கண்டெடுத்த அநாதைச் சிறுவனை வீட்டுக்குக் கொண்டுவருகிறார். அவன்தான் ஹீத்கிளிஃப். மகள் கேதரினுக்கு அவன் உயிர். மகன் ஹிண்ட்லிக்கு அவனைக் கண்டாலே ஆகாது. தகப்பன் போனதும் ஹிண்ட்லி அவனைப் பண்ணையாள் ஆக்குகிறான். கேதரின் கீழ்வீட்டு எட்கர் லிண்டனை மணக்கத் தீர்மானிக்கிறாள். ஹீத்கிளிஃப் இரவோடு இரவாகப் போய்விடுகிறான். மூன்று வருடம் கழித்துப் பணத்தோடு வருகிறான். ஹிண்ட்லியின் சூதாட்டக் கடனுக்கு அடமானம் பிடித்து மேல்வீட்டை வாங்கிவிடுகிறான். எட்கரின் தங்கை இசபெல்லாவை மணக்கிறான். கேதரின் ஒரு பெண் குழந்தையைப் பெற்றுவிட்டு இறக்கிறாள். அந்தக் குழந்தை கேத்தி வளர்ந்ததும், நோயாளியான தன் மகனுக்கு அவளைப் பலவந்தமாகக் கட்டிவைத்துக் கீழ்வீட்டையும் ஹீத்கிளிஃப் எடுத்துக்கொள்கிறான். கடைசியில் பழிவாங்கும் ஆசையே அவனுக்கு வற்றிப்போகிறது, சாகிறான். கேத்தியும் ஹிண்ட்லியின் மகன் ஹேர்ட்டனும் சேர்கிறார்கள்.

இன்னொருவர் கதையை எடுத்து எழுதுவது திருட்டு இல்லையா?

சட்டப்படி இல்லை. இந்தியாவில் பதிப்புரிமை, எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் வரைதான். எமிலி பிராண்டே 1848 டிசம்பரில் 30 வயதில் இறந்துவிட்டார். அந்த நாவலின் மொழிபெயர்ப்புகளுக்கும் படங்களுக்கும் தனி உரிமை இருக்கலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மூலத்திலிருந்து எடுப்பவர் மொழிபெயர்ப்பாளரின் வாக்கியத்தில் கைவைக்கக் கூடாது.

இலக்கியப்படி கேட்டால், தழுவலை மட்டமாக நினைக்கும் தமிழர் கம்பனை எங்கே வைப்பார் என்று தெரியவில்லை. வால்மீகியில் வில் முறிவதற்கு முன் இராமனும் சீதையும் பார்த்துக்கொள்வதில்லை. கம்பன் மிதிலை வீதியிலேயே கண்ணோடு கண் நோக்க வைத்துவிட்டான். களவுக்குப் பின் கற்பு என்று கேட்டுப் பழகிய காதுகளுக்கு அப்படித்தான் சொல்ல முடியும். வால்மீகியின் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனின் இராவணன் பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்துக்கொண்டு போகிறான். கதை இம்மியும் விலகவில்லை. கேட்பவர்களின் ஒழுக்கம் வேறு என்பதால் ஒரு செயல் வேறாகிறது, அவ்வளவுதான். நான் தழுவலைக் கற்றது அந்த இரண்டு இடங்களில்தான். இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் 1891ல் வந்த மனோன்மணீயம், லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதைப்பாட்டு ஒன்றிலிருந்து முளைத்தது. அதன் வாழ்த்துப் பாடலுக்குத்தான் இன்று மாநிலமே எழுந்து நிற்கிறது.

பனிமூட்டம், காற்று, தனித்த பங்களா எல்லாம் இங்கே ஏற்கெனவே இருக்கின்றன. அதனால்தான் நீலகிரியா?

அதனால் மட்டும் என்றால் நான் இதைத் தொட்டிருக்க மாட்டேன். மலையில் நடக்கும் கதை என்றாலே முதல் பக்கத்தில் பனிமூட்டம் இறங்கிவிடுகிறது. மூன்றாம் பக்கத்தில் யாராவது சால்வை போர்த்துகிறார்கள். இங்கே வசிப்பவர்களுக்குப் பனிமூட்டம் ஒரு மனநிலை அல்ல. துணி காயாது, மதியத்திலும் பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு வரும், அவ்வளவே. டிசம்பர், ஜனவரியில் விழும் உறைபனிதான் கவலை. ஒரே இரவில் கொழுந்து கருகிவிடும். என் நாவலில் அந்த உறைபனி ஒரு கடனுக்குக் காரணமாகிறது. வானிலை கதையில் வேலை செய்ய வேண்டும். சும்மா நிற்கக் கூடாது.

மூலத்தில் கேதரினும் ஹீத்கிளிஃபும் ஓடித் திரியும் மேட்டுநிலத்துக்கு இணை, நம் சோலைகளுக்கு நடுவே கிடக்கும் புல்வெளி. ஆனால் அதில் பெரும்பகுதி கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) தேயிலையுமாக மாறிவிட்டது. மிச்சம் வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. இன்று இரண்டு பிள்ளைகள் தம் போக்கில் அங்கே நாள் முழுக்கத் திரிய முடியாது. காவலர் இருப்பார், காட்டுமாடு இருக்கும், கரடியும் இருக்கும். அதனால்தான் அவர்களின் பிள்ளைப்பருவத்தை 1980களில் வைத்தேன். அப்போதும் இவையெல்லாம் இருந்தன. ஆனால் பிள்ளைகளைத் தேடும் பெரியவர்கள் குறைவு.

இன்னொன்று. குறிஞ்சி என்றால் கூடல் என்று நமக்கு ஊறிப்போயிருக்கிறது. இந்த நாவலோ மலையிலேயே நடக்கும் பிரிவு. இதை எப்படிப் பொருத்துவது என்று நெடுநாள் தடுமாறினேன். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டு நடுங்கும்போது பிரிவின் நிலமான பாலை என்ற வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரத்தில் இளங்கோ சொல்லிவைத்திருக்கிறார். தமிழில் இந்த நாவலுக்கு அதைவிட நல்ல திறவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

ஹீத்கிளிஃப் இங்கே யார்?

மூலத்தில் அவன் எந்த இனம், எந்த நாடு என்று கடைசிவரை தெரியாது. நிறம் கறுப்பு, பேசியது யாருக்கும் புரியவில்லை, துறைமுக நகரத்தில் கிடைத்தான், இவ்வளவுதான் தகவல். அந்தத் தெரியாமையை விட்டுவிட்டு வெறும் ஏழைப் பையன் ஆக்கினால் கதை செத்துவிடும்.

நீலகிரியில் அந்த இடத்துக்கு வரக்கூடியவன் கடல் கடந்து வந்தவன்தான். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. தாயகம் திரும்பியவர்கள் என்று அரசு சொன்னது. இங்கே தெருவில் சிலோன்காரர்கள் என்றார்கள். அவர்களுக்கு வேலை தர 1968ல் வனத்துறைத் திட்டமாகத் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் 1976ல் டான்டீ என்ற அரசுக் கழகம் ஆயின. பலர் அங்கே போனார்கள், பலர் தனியார் தோட்டங்களுக்கும் மலைக்காய்கறி நிலங்களுக்கும் போனார்கள். தலைமுறைகளுக்கு முன் இங்கிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள், தாய்மொழி பேசும் ஊரில் அந்நியர்களாக நின்றார்கள். லிவர்பூல் தரும் அந்நியத்தன்மையைவிட இது எனக்குக் கூர்மையாகப் படுகிறது, ஏனெனில் பையன் பேசுவது எல்லோருக்கும் புரிகிறது.

என் கதையில் பெரியவர் 1983ல் முன்னோர் கடன் தீர்க்க இராமேஸ்வரம் போகிறார். மகனுக்கும் மகளுக்கும் சிப்பிப் பொம்மை வாங்கி வருவதாக வாக்கு. திரும்பும்போது கையில் ஆறு வயதுப் பையன். பையில் நொறுங்கிய சிப்பி. மூலத்தில் நொறுங்குவது ஹிண்ட்லிக்கு வாங்கிய பிடில், தொலைவது கேதரினுக்கு வாங்கிய சவுக்கு. இலங்கையில் ஜூலைக் கலவரம் நடந்த ஆண்டு அது. அகதிகள் முகாம் இருக்கும் மண்டபம் ஊரின் பெயரை ஒருமுறை சொன்னால் போதும், பையன் எங்கிருந்து வந்தான் என்று வாசகருக்கு எட்டிவிடும்.

அவனுக்கு இனிஷியல் என்ன?

எங்கள் வட்டத்தில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் முதல் கூட்டத்திலேயே கேட்ட கேள்வி இது. இவ்வளவு நல்ல கேள்வி எனக்குத் தோன்றவில்லையே என்று பொறாமைப்பட்டேன். மூலத்தில், குழந்தையிலேயே இறந்த எர்ன்ஷாவின் ஒரு மகனின் பெயரைத்தான் இவனுக்கு வைக்கிறார்கள்; அந்த ஒற்றைப் பெயரே அவனுக்குக் குடும்பப் பெயரும் ஆகிறது. நம் ஊரில் அது பள்ளிக்கூடச் சேர்க்கைப் படிவத்தில் வந்து முட்டும். பெரியவர் தன் பெயரின் முதலெழுத்தைப் போடுகிறார். அவர் இறந்த பின் ஹிண்ட்லி அதை அடிக்கச் சொல்லிப் பள்ளிக்குப் போகிறான். அவனை அடிப்பதைவிடப் பெரிய கொடுமை அது என்பதால் அந்த அத்தியாயத்தில் அடிதடியே வைக்கவில்லை.

சாதியைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

சொல்லாமல் விட்டால் வாசகரே நிரப்பிக்கொள்வார், பெரும்பாலும் தனக்கு வசதியானபடி. மேல்வீட்டுக் குடும்பம் கோவைப் பக்கத்திலிருந்து மேலே வந்த நிலவுடைமைச் சாதி. அது முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும். பையனின் சாதி பெரியவருக்குத் தெரியும், அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஊர் ஊகிக்கிறது. அவனை இப்போது மணந்தால் தனக்கு இழிவு என்று கேதரின் சொல்லும் இடம்தான் நாவலின் முதுகெலும்பு. அதை அந்தஸ்து, பணம் என்று நாகரிகமாக மாற்றி எழுதினால் தமிழ் வாசகர் சிரிப்பார்.

காதல் கதைதானே? அத்தியாயத்துக்கு அத்தியாயம் பத்திரம், பட்டா என்று ஏன் வருகிறது?

காதல் கதை என்று அட்டையில் போட்டு விற்கிறார்கள். உள்ளே இருப்பது ஒரு வெளியாள் இரண்டு வீடுகளைச் சட்டம் தவறாமல் கைப்பற்றிய வரலாறு. சி. பி. சாங்கர் என்ற வழக்கறிஞர் 1926ல் இந்த நாவலைப் பற்றி ஒரு சிறு ஆய்வு எழுதினார். எமிலி பிராண்டே அக்கால வாரிசுரிமைச் சட்டத்தை எவ்வளவு துல்லியமாகப் பயன்படுத்தியிருக்கிறார் என்று அதில் காட்டினார். அதைப் படித்த பிறகுதான் எனக்கு இந்த வேலை பிடிபட்டது. கதையை இடம் மாற்றுபவர் முதலில் மாற்ற வேண்டியது சட்டத்தை. ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' 2000ல் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' ஆனபோதும், உயிலால் வீடிழக்கும் பெண்கள் என்ற எலும்பு செட்டிநாட்டில் அப்படியே நின்றது. அதனால்தான் அது நம் கதையாகத் தெரிந்தது.

இப்போது நம் சட்டத்தை வைத்துப் பாருங்கள். மூலத்தில் மேல்வீடு முழுவதும் ஹிண்ட்லிக்கு. கேதரினுக்கு ஒன்றுமில்லை, அது யாருக்கும் வியப்பாகவும் இல்லை. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்று மணமாகாதிருந்த மகள்களுக்கும் பூர்வீகக் கூட்டுச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. நாடு முழுவதற்கும் அது 2005ல்தான் வந்தது. என் கேதரினுக்கு 1989ல் வயது பதினொன்று. ஆக, மேல்வீட்டிலும் அதன் தேயிலையிலும் அவளுக்குப் பங்கு இருக்கிறது! அவள் கையெழுத்து இல்லாமல் ஹிண்ட்லியால் முழுச் சொத்தையும் ஈடு வைக்க முடியாது. ஹீத்கிளிஃபால் அதை வாங்கவும் முடியாது.

முதலில் இது கதையை உடைத்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு, நம் வீடுகளில் கல்யாணத்துக்கு முந்தின வாரம் என்ன நடக்கும் என்பதை நினைத்துப் பார்த்தேன். சீர் செய்கிறோம், நகை போடுகிறோம், ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடம்மா என்பார்கள். தங்கையும் போடுவாள். 1998ல் என் கேதரின் சார்பதிவாளர் அலுவலகத்தில் அதைத்தான் செய்கிறாள். ஹீத்கிளிஃபைத் தள்ளிவிட்டதும் தன் மண்ணை எழுதிக்கொடுத்ததும் ஒரே மாதம். அவள் கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் பின்னால் வரும் பழிவாங்கல் எதுவுமே நடந்திருக்காது. மூலத்தில் இல்லாத இந்தக் கனம் நம் சட்டம் கொடுத்தது.

அடுத்து ஹிண்ட்லியின் கடன். மூலத்தில் மதுவும் சூதும். இங்கே அவற்றோடு 1990களின் கடைசியில் சரிந்த பச்சைத் தேயிலை விலையும் சேர்கிறது. அந்தச் சரிவில் சிறு விவசாயிகள் பட்ட பாடு இந்த மலையில் எல்லோருக்கும் நினைவிருக்கும். கொழுந்தை வாங்கி அரைக்கும் தொழிற்சாலை கீழ்வீட்டு லிண்டன்களுடையது. கிலோவுக்கு என்ன விலை என்று அவர்கள்தான் சொல்வார்கள். ஹீத்கிளிஃப் முறையான அடமானப் பத்திரம் எழுதிக்கொள்வதில்லை. அடமானம் என்றால் கடனைக் கட்டி மீட்கும் உரிமை கடன் வாங்கியவனுக்கு இருந்துகொண்டே இருக்கும். அதனால் கடனுக்கு ஈடாகக் கிரயப் பத்திரமே எழுதி வாங்குகிறான். பணம் வந்தால் திருப்பி எழுதித் தருவதாக வாய்ச்சொல். வட்டிக்கு விடுபவர்களின் பழைய வழி அது.

கடைசியாகக் கேத்தியின் கல்யாணம். மூலத்தில் மனைவியின் அசையும் சொத்து கணவனுக்குப் போய்விடும். இங்கிலாந்தில் அது 1870, 1882ஆம் ஆண்டுச் சட்டங்களால் மாறியது. நம்மிடம் மனைவி சொத்து மனைவிக்கே. ஆகவே பலவந்தக் கல்யாணத்தால் மட்டும் ஹீத்கிளிஃபுக்கு ஒரு செடிகூடக் கிடைக்காது. சாகும் தறுவாயில் இருக்கும் எட்கர், மகள் பெயரிலும் மருமகன் பெயரிலும் சேர்த்துத் தானசெட்டில்மென்ட் எழுதும்படி ஆகிறது. மருமகன் இறந்தால்? 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மனைவியும் தாயும் முதல் வகுப்பு வாரிசுகள். தகப்பன் இரண்டாம் வகுப்பு. மனைவி இருக்கும்போது ஹீத்கிளிஃபுக்கு ஒன்றுமில்லை. ஆகவே அவனுக்கு மகனின் உயில் வேண்டும். மூலத்திலும் அந்தப் பையன் சாகுமுன் தகப்பன் பெயருக்கு உயில்தான் எழுதுகிறான்! இரண்டு நூற்றாண்டு, இரண்டு சட்டம், ஒரே காகிதம். அன்று சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

அத்தை மகன், மாமன் மகன் என்று நீங்கள் சேர்த்துக்கொண்டீர்களா?

நான் எதையும் சேர்க்கவில்லை. குடும்ப மரத்தைத் தாளில் வரைந்து பாருங்கள். கேத்தியின் தகப்பன் எட்கர்; அவர் தங்கை இசபெல்லாவின் மகன்தான் கேத்திக்குக் கட்டிவைக்கப்படும் பையன்; அவன் பெயரும் லிண்டன். அத்தை மகன். கேத்தியின் தாய் கேதரின். அவள் அண்ணன் ஹிண்ட்லியின் மகன் ஹேர்ட்டன். மாமன் மகன். முதலில் அத்தை மகனைக் கட்டி, அவன் இறந்ததும் மாமன் மகனைச் சேர்கிறாள். யார்க்‌ஷயர் பாதிரியார் வீட்டில் உட்கார்ந்து எழுதிய பெண், நம் பாட்டிகள் போடும் முறையைப் பிசகில்லாமல் போட்டிருக்கிறார். ஹீத்கிளிஃபை அந்த வீட்டுப் பிள்ளையாகவே கணக்கில் எடுத்துக்கொண்டால், மேல்வீட்டுப் பெண் கீழ்வீட்டுக்கு, கீழ்வீட்டுப் பெண் மேல்வீட்டுக்கு. பெண் கொடுத்துப் பெண் எடுத்தாயிற்று.

இங்கிலாந்து வாசகருக்கு மூச்சு முட்டும் அந்த நெருக்கம் நமக்கு இயல்பு. அதுதான் ஆபத்தும். முறைப் பையன்தானே, உரிமைதானே என்று ஊரே ஹீத்கிளிஃபின் பக்கம் நியாயம் பேசும். மூலத்தில் அவன் கேத்தியை வீட்டில் பூட்டிவைக்கிறான். என் கதையில் பூட்டு தேவைப்படவில்லை. நான்கு பெரியவர்கள் வந்து வெற்றிலை போட்டுக்கொண்டு பேசிவிட்டுப் போகிறார்கள்.

ஒரே வீட்டில் அண்ணன் தங்கையாக வளர்ந்தவர்களின் காதலைத் தமிழ் வாசகர் ஏற்பாரா?

சிலர் மாட்டார்கள். பெரியவர் ஒருமுறைகூட அண்ணன் என்று கூப்பிடச் சொல்லவில்லை, கேதரினும் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. கதையைச் சொல்லும் வேலைக்காரி நெல்லி மட்டும் அதைக் கவனிக்கிறாள். இதற்குமேல் நான் சமாதானம் சொல்லப் போவதில்லை.

நெல்லி, லாக்வுட் இருவரும் வேண்டுமா? கதையை நேராகச் சொல்லக் கூடாதா?

வேண்டும். மூலத்தில் லாக்வுட் தெற்கிலிருந்து வந்த வாடகைக்காரர். மனிதர் வேண்டாம் என்று வந்துவிட்டு ஊர்க் கதையெல்லாம் கேட்பவர். என் லாக்வுட் 2024 ஜூனில் சென்னையிலிருந்து மடிக்கணினியோடு வந்து, கீழ்வீட்டு பங்களாவை மாத வாடகைக்கு எடுக்கிறார். உயர் நீதிமன்ற உத்தரவால் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ–பாஸ் வந்தது அந்த ஆண்டு மே 7 முதல். நாவலின் முதல் வரியே அந்த இ–பாஸ் பற்றியதுதான். மூலத்தில் அவரை மேல்வீட்டில் ஓர் இரவு மாட்டிவைப்பது பனிப்புயல். இங்கே மண்சரிவு.

நெல்லி பங்களாவில் சமைக்கும் அம்மா. மேல்வீட்டில் தொடங்கிக் கீழ்வீட்டில் முடிந்த வாழ்க்கை. லாக்வுட்டைத் 'தம்பி' என்பாள், கேத்தியைப் 'பாப்பா' என்பாள்; ஹீத்கிளிஃபை மட்டும் அவன் காசோடு திரும்பிய நாளிலிருந்து எப்படியும் கூப்பிடுவதில்லை. அவள் சொல்வதை முழுக்க நம்பக் கூடாது. எல்லோருக்கும் நல்லது செய்வதாகச் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு கேடும் நடக்கும்போது கதவருகே நின்றவள் அவள். இப்படிப்பட்ட பெண்மணி ஒருவரையாவது எல்லாத் தமிழ்க் குடும்பங்களுக்கும் தெரியும்.

மூலத்தில் மேல்வீட்டு வேலையாள் ஜோசப் பேசும் வட்டார வழக்கை என்ன செய்தீர்கள்?

குறைத்தேன். ஆங்கிலேயருக்கே அது புரியவில்லை என்று அக்கா சார்லட் பிராண்டே 1850ஆம் ஆண்டுப் பதிப்பில் ஜோசப்பின் பேச்சைச் சற்று எளிதாக்கினார். என் ஜோசப் பழைய கங்காணி. பிள்ளைகள் கேட்கக் கேட்கத் திருப்புகழைத் தவறாகப் பாடுவார். அதுவே போதும்.

கூடலூரில் வைத்திருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்காதா?

தாயகம் திரும்பியவர்கள் மிகுதியாக வாழும் இடம் என்பதால் பலர் கேட்கிறார்கள். ஆனால் கூடலூர், பந்தலூர் பகுதிகளில் ஜென்ம நிலச் சிக்கல் இருக்கிறது. நிலம்பூர் கோவிலகம் என்ற கேரள அரச குடும்பத்தின் பழைய உரிமையை ஒழிக்க 1969ல் சட்டம் வந்தும், பல்லாயிரம் ஏக்கருக்கு இன்னும் தீர்வு இல்லை; தலைமுறையாக உழைத்தவர்களுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாத நிலத்தை ஹிண்ட்லி எழுதிக்கொடுத்து ஹீத்கிளிஃபுக்கு என்ன பயன்? அங்கே வைத்தால் கதை வேறாகிவிடும். எழுதத் தகுந்த கதை அது. ஆனால் இந்த நாவல் அல்ல. கொடைக்கானலை விட்டதற்குக் காரணம் எளிது: நான் அங்கே வாழ்ந்ததில்லை.

படுகர், தோடர், கோத்தர் யாரும் முதன்மைப் பாத்திரமாக இல்லையே?

அக்கம்பக்கத்தில் இருக்கிறார்கள், பேசுகிறார்கள், கொழுந்து விற்கிறார்கள், கதையில் ஒருவர் வழக்கறிஞர். ஆனால் ஒரு படுகர் குடும்பத்தின் உள்ளறையைப் படுகர்தான் எழுத வேண்டும். அவர்களின் உறவு முறையும் ஹெத்தையம்மன் வழிபாடும் எனக்கு வெளியிலிருந்து தெரிந்தவை. தோடர்களைப் பற்றி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வெளியார் எழுதியாயிற்று. நானும் சேர வேண்டாம்.

செல்போன் காலத்தில் ஒளிந்து கேட்பதும் கடிதம் மறைப்பதும் நடக்குமா?

கேதரின் பேசுவதைப் பாதி கேட்டுவிட்டு ஹீத்கிளிஃப் ஓடிப்போவது 1998ல். அப்போது மலையில் செல்போன் ஏது? சிக்கல் இரண்டாம் பாதியில்தான். மூலத்தில் கேத்தியின் காதல் கடிதங்களை நெல்லி கண்டுபிடித்து எரித்துவிடுகிறாள். பூட்டிய போனை அவளால் எரிக்க முடியாது. மேல்வீட்டுச் சரிவில் சிக்னல் கிடைக்காது என்று வைத்தேன். கொஞ்சம் சோம்பேறித்தனம்தான். ஆனால் இந்த மலையில் யாரும் அதைப் பொய் என்று சொல்ல மாட்டார்கள்.

இரண்டாம் தலைமுறையை விட்டுவிட்டால் புத்தகம் பாதியாகிவிடுமே?

ஆகும். 1939ஆம் ஆண்டு ஹாலிவுட் படம் அப்படித்தான் செய்தது. ஆனால் 34 அத்தியாயங்களில் கேதரின் பதினாறாவதிலேயே இறந்துவிடுகிறாள். மிச்சத்தை வெட்டினால் கைப்பற்றியவன் கதை இருக்கும், பறிகொடுத்தவர்கள் கதை போய்விடும்.

எனக்குப் பிடித்த காட்சிகள் இரண்டாம் பாதியில்தான் இருக்கின்றன. 2018ல் குறிஞ்சி பூத்தபோது கேத்திக்கு வயது பதினேழு. அடுத்தது 2030ல்தான் என்று சொல்லிக்கொண்டு பூப்பார்க்க மேலே போகிறவள், அங்கே முதல்முறையாக ஹீத்கிளிஃபைச் சந்திக்கிறாள். இன்னொன்று ஹேர்ட்டன். மூலத்தில் அவன் எழுத்தறியாதவன்; கேத்தி படிக்கக் கற்றுக்கொடுப்பதில் அன்பு வளர்கிறது. இன்றைய நீலகிரியில் இருபத்தைந்து வயது இளைஞனுக்கு எழுத்தே தெரியாது என்றால் நம்ப முடியாது. அவனுக்குப் படிக்கத் தெரியும். பத்திரம் படிக்கத் தெரியாது. பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று இலவசமாகவே பார்க்கலாம் என்று கேத்திதான் சொல்கிறாள். இருவரும் ஒரு போனில் தலையோடு தலை முட்ட, 1998லிருந்து பதிவான ஒவ்வொரு ஆவணமாகப் படித்துக்கொண்டே வருகிறார்கள். அவளுடைய அம்மா பெயர், அவனுடைய அப்பா பெயர், எழுதி வாங்கியவர் என்ற இடத்தில் ஒரே பெயர். நாவலிலேயே மிக நெருக்கமான காதல் காட்சி என்று நான் இதைத்தான் நினைக்கிறேன். வட்டத்தில் பாதிப் பேர் ஒப்புக்கொள்ளவில்லை.

பேய் உண்டா? கல்லறையைத் தோண்டும் காட்சி?

ஜன்னலில் கை நீட்டும் பேய் உண்டு. லாக்வுட் அதைக் கண்டதாகச் சொல்கிறார். அன்று அவருக்குக் காய்ச்சல், நான் அதோடு நிறுத்திக்கொள்கிறேன். மூலத்தில் ஹீத்கிளிஃப் பதினெட்டு ஆண்டு கழித்துச் சவப்பெட்டியைத் திறந்து கேதரினின் முகத்தைப் பார்க்கிறான். என் கதையில் வரும் குடும்பம் அடக்கம் செய்யும் வழக்கம் உள்ளது, ஆனால் பெட்டி கிடையாது. பார்க்க முகம் இருக்காது. அந்தக் காட்சியை எடுத்துவிட்டு, 2009 நவம்பர் மழையை வைத்தேன். நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அந்தச் சரிவுகளின் நாட்களில், உயிரோடு இருப்பவர்களைத் தேடி ஊரே ஓடும்போது, ஒருவன் மட்டும் இடுகாட்டு மேடு நிற்கிறதா என்று பார்க்கப் போகிறான். அவனைப் பற்றி வாசகர் என்ன நினைக்க வேண்டுமோ அதை அங்கே நினைத்துக்கொள்வார்.

மூன்று ஆண்டில் அவ்வளவு பணம் எப்படிச் சம்பாதித்தான்?

எமிலி பிராண்டே சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. திருப்பூர் என்று ஊர் சொல்கிறது, வயநாடு என்று நெல்லி சொல்கிறாள். ஒரு காகிதமும் இல்லாமல் வந்தவன் ரேஷன் அட்டையும் ஓட்டுநர் உரிமமுமாகத் திரும்புகிறான் என்பதுதான் பணத்தைவிட வியப்பு. அதைப் பற்றி யாரும் அவனிடம் கேட்பதில்லை.

எப்போது முடியும்?

முதல் பாதி முடிந்தது. உயில் வரும் அத்தியாயத்தைக் கோத்தகிரியில் ஒரு பத்திர எழுத்தரிடம் கொடுத்திருக்கிறேன். சாட்சிக் கையெழுத்து இரண்டு வேண்டும், நீங்கள் ஒன்றுதான் வைத்திருக்கிறீர்கள் என்று நேற்றுச் சொல்லி அனுப்பினார். இரண்டாவது சாட்சியாக நெல்லியை உட்கார வைக்க வேண்டியிருக்கும். அதற்கு முந்தின மூன்று அத்தியாயங்களைத் திருத்த வேண்டும்.